தெரியாது, எறியாதே

விற்பனைக்கு: எழுபதாம் வருடத்து
பிளைமவுத் டஸ்டர், இரண்டு கதவு.
எஞ்சின் உண்டு, வண்டியில் இல்லை.
ஸ்டாண்டின் மேல், காய்ச்சல்காரனைப் போல
போர்வை போர்த்திக்கொண்டிருக்கிறது.

"முக்கால்வாசி முடிந்தது" என்று எழுதினேன்.
தோளுக்கு மேலே எட்டிப் படித்த கொரின்
"எந்த முக்கால்?" என்றாள்.
அடித்துவிட்டு, "தொடங்கப்பட்டது" என்று மாற்றினேன்.
அதுவும் முழு உண்மையில்லை.
தொடங்கியவர் நெப்ராஸ்காவின் டெல்பெர்ட் கிராஸ்,
எண்பத்து மூன்றில்.
அவரிடம் வாங்கியவர்கள் ஃபார்கோவில் ஓர் அண்ணன் தம்பி;
பேச்சு நின்றுபோனபின் ஆளுக்கொரு கதவை வைத்துக்கொண்டவர்கள்.
அடுத்து பெமிட்ஜியில் ஒரு பல் மருத்துவர்.
அவர் ஸ்டியரிங்குக்கு மட்டும் தோல் தைத்தார்,
அழகாகத்தான்.
பிறகு நான். டூலூத்தில், பதினோரு குளிர்காலம்.
சகோதரர்களை ஒன்றாக எண்ணினால்
அரைக்கிணறு தாண்டியவர்களில் நான்காவது ஆள்.

மூன்று மாநிலம் பார்த்த வண்டி இது,
எல்லாமே டிரெய்லரின் முதுகிலிருந்து.
மீட்டரில் அன்றைக்கும் இன்றைக்கும்
71,408.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பனிச்சாலையில் உப்பிட்டவர்களை
இந்தத் தகரம் மறக்கவே இல்லை:
தளத்தில் கை நுழையும் ஓட்டை,
டிக்கியில் தலை நுழையும்.
விலை ஆறாயிரத்து ஐந்நூறு டாலர்.

மார்ச் மாதச் சனிக்கிழமை மார்லிஸ் ஹாகன் வந்தாள்.
தானியக் கிடங்குகளுக்கு வெல்டிங் செய்பவள்.
வணக்கம்கூடச் சொல்லி முடிக்கவில்லை,
டார்ச்சுடன் அடியில் படுத்துவிட்டாள்.
வெகுநேரம் அவள் பூட்ஸோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

"தளத்தை இங்கே வெட்டியது யார்?"

பல் மருத்துவர் என்று சொல்லியிருக்கலாம்.
நல்ல மனிதர், மறுக்க அருகில் இல்லை.
"நான்" என்றேன்.
"அளக்காமலா?"
"அளந்தேன். தப்பாக."
அடியிலிருந்து சிரிப்புச் சத்தம்.
எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு
"ஓடிக் கேட்டிருக்கிறீர்களா?" என்றாள்.
இல்லை. எங்களில் எவரும்.
டெல்பெர்ட்? அவரைக் கேட்க முடியாது இப்போது.

அவள் பேரம் பேசவில்லை.
அந்த மௌனம் தாங்காமல்
நானே முந்நூறு குறைத்தேன்.

காபி டின்கள் நாற்பத்து மூன்று,
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து:
இடது ஃபெண்டர், பம்பர் மேல்வரிசை, கண்ணாடி.
கடைசியாக ஒரு ஊறுகாய் ஜாடி, என்னுடையதல்ல.
டெல்பெர்ட் ஒட்டிய காகிதம் என்று
சகோதரர்கள் மருத்துவரிடமும்
மருத்துவர் என்னிடமும் சொன்னது:
"தெரியாது. எறியாதே."

குலுக்கிப் பார்த்தாள். ஏழெட்டு போல்ட்,
ஒரு ஸ்பிரிங், கொம்பு மாதிரி ஏதோ ஒன்று.
டின்கள் டிரெய்லருக்குப் போயின.
ஜாடியை மட்டும் தன் லாரியின் முன்சீட்டில் வைத்து
பெல்ட் மாட்டினாள்.

அன்றிரவு எட்டு அங்குலம் பனி.
கொரினின் சுபாரு முதல்முறையாகக் கூரைக்கடியில் தூங்கியது.
காலையில் சுரண்ட ஒன்றுமில்லை,
உதைத்துக் கதவு திறக்க வேண்டியதில்லை.
தேவாலயத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம்.
பழக்கமில்லாத பத்து நிமிடம்.
என்ன செய்வதென்று தெரியாமல்
எஞ்சினை அணைக்காமல்
இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.