மறை முனை

ஆறரைக்குப் புளோறா போன் எடுத்தாள்:
"லைற் எரியுது. பிரிஜ்ஜைப் போட்டவுடன எல்லாம் நூருது.
எட்டுக் கிலோ கணவாய் கிடக்கு. நாளைக்கு ஞாயிறு."
வேறொன்றும் சொல்லவில்லை. கணவாய் போதும்.

பொன்னாலைப் பாலத்தில் காற்று
மோட்டார்சைக்கிளைக் கடலுக்குள் தள்ளப் பார்த்தது.
பையில் மீற்றர், குறடு, கறுப்பு ரேப்,
தேய்ந்துபோன பல் பிரஷ் ஒன்று.

கசூரினாவில் சவுக்குகளுக்குக் கீழே நின்றது
அவளுடைய இழுவை வீடு.
யாரோ ஜேர்மனியிலிருந்து கப்பலில் இறக்கி,
இரண்டு கோடை இழுத்துத் திரிந்து,
மூன்றாம் கோடைக்கு விற்றுவிட்டுப் போன வண்டி.
பியூஸ் பெட்டியில் ஜேர்மன் எழுத்து.
அதன்மேல் பிளாஸ்ரர் ஒட்டி அவள் எழுதியிருந்தாள்:
காத்தாடி. பம்பி. தெரியாது. தெரியாது. தொடக்கூடாது.

முதலில் கூரைக்கு ஏறினேன்.
சோலார் பலகை முழுக்க நெத்தலி காய்ந்தது.
"இந்தச் சூடு வேற எங்க கிடைக்கும்?
இண்டைக்குத்தான் போட்டனான்."
குற்றவாளி பிடிபட்டான் என்று நினைத்தேன்.
அள்ளிச் சுளகில் போட்டுவிட்டு இறங்கி
பற்றரியில் மீற்றரை வைத்தால்
பன்னிரண்டு தசம் ஆறு.
நெத்தலி குற்றமற்றது.

பிரிஜ்ஜுக்குப் பின்னால் வைத்தேன்.
அங்கேயும் பன்னிரண்டரை.
"இப்ப போடுங்கோ."
உள்ளே ஒரு செருமல்.
ஏழு.
லைற் சிவந்து, நூர்ந்து, இருட்டு.

ஒன்றும் கேட்காதவரை
எல்லாக் கம்பியும் வசதியாகத்தான் இருக்கும்.
கேட்டுப் பார்க்கவேண்டும், அப்போதுதான் தெரியும்.
இதைச் சொன்னேன்.
"என்ர தமையனும் அப்பிடித்தான்" என்றாள்.

சிவப்புக் கம்பியோடு போனேன். சுவிச் சரி.
ஒரு பியூசின் இடத்தில்
சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுருண்டு கிடந்தது.
யாருடைய வேலை என்று கேட்கவில்லை, மாற்றினேன்.
அப்போதும் ஏழுதான்.
போகிற வழியில் பிழையில்லை.
அப்படியானால் வருகிற வழி.

வண்டிக்குக் கீழே மல்லாந்தேன்,
முதுகில் மணல், வாயில் ரோச்.
கொழுக்கிக்குப் பக்கத்தில்
கறுப்புக் கம்பி சட்டத்தில் இறங்கும் இடத்தில்
ஓர் ஆணி, பச்சையாய்ப் பூத்து.
மறைமுனை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது.
மறைந்துதான் இருந்தது.
விரலால் ஆட்டினேன், ஆடியது.
உப்புத் தின்றவன் தண்ணி குடிப்பான்.
உப்புத் தின்ற இது
எத்தனை மாதமாய்க் கரண்டைக் குடித்ததோ.

கழற்றி, இரும்பு வெளிக்கும்வரை தேய்த்து,
பிரஷால் தட்டி, புது வளையம் போட்டு இறுக்கி,
மேலே கிறீஸ் அப்பினேன்.

"ஒரு ஆணியோ?"
"ஒரு ஆணிதான். போன கரண்டுக்குத்
திரும்பி வர வழியில்லை."
அவள் அந்த ஜேர்மன் எழுத்தைப் பார்த்தாள்.
"பாவம், இதை வித்திட்டுப் போன மனுசனும்..."
"துரு, புளோறா. வெறும் துரு.
மாசத்துக்கு ஒருக்கால் பாருங்கோ."

பிரிஜ் செருமியது, பிறகு முனகத் தொடங்கியது.
லைற் ஒருதரம் மங்கி, நின்று பிடித்தது.
பன்னிரண்டு தசம் இரண்டு.

காசோடு அரைக் கிலோ கணவாயும்
சொப்பிங் பையில் கட்டி ஹாண்டிலில் கொழுவிவிட்டாள்.
பாலத்தில் காற்று அடங்கவில்லை.
நடுவழியில் என்னுடைய ஹெட்லைற் ஒருமுறை சிமிட்டியது.
நான் அதைக் காணவில்லை
என்று வைத்துக்கொண்டேன்.