ஊதா

மீனாட்சிபுரம், பால் சோதனைச் சாவடி.
இரவு இரண்டு நாற்பது.
அறுபத்து நான்கு டிகிரிச் சூட்டில்
ஒன்பது சின்னக் கிண்ணங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு டேங்கரின் பால் துளி,
உறங்கும் நுண்ணுயிர் வித்துகள்,
ஊதா நிறம்.

வித்து விழித்து வளர்ந்தால் ஊதா மஞ்சளாகும்.
மஞ்சள் என்றால் வண்டி பாலக்காடு போகலாம்.
மாறவே இல்லையென்றால்
எங்கோ ஒரு மாட்டின் மடிவீக்கத்துக்குப் போட்ட ஊசி
பாலோடு எல்லைவரை வந்திருக்கிறது.

மூன்று மணி நேரமாகும் என்றேன்.
மயில்சாமி, உடுமலை, எட்டாயிரம் லிட்டர்,
ஏணியில் சாய்ந்தபடி கேட்டார்:
"பூச்சி இருந்தாலும் குத்தம்ங்கறீங்க,
செத்தாலும் குத்தமுங்களா?"
பதில் இருந்தது.
ஆனால் அதற்குள் நுழைய எனக்கே நாலு வருடம் பிடித்தது.

கோவையில் நான் பாதியில் விட்ட ஆராய்ச்சி அது.
செல்லுக்குள் ஒரு வாசிப்பு எந்திரம், ரைபோசோம்.
மும்மூன்று எழுத்தாகப் படிக்கும்.
படித்ததை அமினோ அமிலமாகக் கோத்துக்கொண்டே நகரும்.
'நிறுத்து' என்கிற மூன்றெழுத்து வந்தால்தான்
கோத்ததை விடும், தாளை விடும், கிளம்பும்.

தாள் கிழிந்திருந்தால்?
கடைசி எழுத்தின் மேல் நிற்கும்.
அடுத்த சொல் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை.
பாதிப் புரதம் வாயில் தொங்க
நிற்கும்,
பின்னால் வரிசை.

அங்கே வருகிறது ஒன்று.
பாதி சுமைகூலி, பாதி கடிதம்.
தலையில் ஒரே ஒரு அலனின்.
காலியான இருக்கையில் ஏறி உட்கார்ந்து
சுமையைக் கொடுத்துவிட்டு
கிழிந்த தாளை நழுவவிட்டு
தன் உடம்பில் எழுதியிருப்பதைப் படிக்கத் தருகிறது.
இன்னும் பத்தே சொல். பிறகு 'நிறுத்து'.
ஒட்டிய அந்த வால் முழுவதற்கும் ஒரே பொருள்தான்:
இதை அழித்துவிடு.

பக்கத்து மேசையில் ரஹீனா போனில்,
"மாத்திரை போட்டாச்சாம்மா, கஞ்சி அடுப்புல" என்பதற்குள்
ஆபீசர் உள்ளே வர,
"பின்னே விளிக்காம் கேட்டோ" என்று முடித்தாள்.
தமிழில் ஏறி மலையாளத்தில் இறங்குவாள்.
கஞ்சி என்னானது என்று யாருக்கும் தெரியாது.
வாய் மட்டும் அடுத்த வேலைக்குத் தயார்.

'மீட்பு' என்றுதான் தலைப்பு வைத்திருந்தேன்.
மீள்வது புரதமில்லை,
அது அரைபட்டு மணி மணியாக உதிரும்.
தாளும் இல்லை, அதையும் தின்று தீர்க்க ஆளுண்டு.
எந்திரம் மட்டும் இன்னொரு தாளுக்குப் போகும்.
உதவித்தொகை நின்ற மாதம்
நான்காம் அத்தியாயம் நின்ற இடம்:
'ஆகவே இந்த'.
அதன் பிறகு நான் இங்கே வந்தேன்,
மாதச் சம்பளம், மழைக்கோட்டு இலவசம்.

ஐந்தே முக்காலுக்கு எட்டுக் கிண்ணம் மஞ்சள்.
மயில்சாமியுடையது கத்திரிப்பூ நிறத்திலேயே இருந்தது.
மறுபடி பார்த்தேன்.
எந்த மருந்து என்று கிண்ணம் சொல்லாது.
சில மருந்து அந்தக் காலி இருக்கையிலேயே
குந்திக்கொள்ளும்.
அப்புறம் மீட்க வருகிறவனுக்கும் இடமில்லை.

'திருப்பி அனுப்பப்படுகிறது.'
சிவப்பு வில்லை. ஒட்டினது நான்தான்.
அவர் வண்டி முதல் வண்டி.
அது வெளியேற
எட்டு டேங்கரும் ஒவ்வொன்றாகப் பின்னால் போகவேண்டும்.
ஹாரன், வசவு, இரண்டு மொழியிலும்.

மயில்சாமி சொசைட்டிக்குப் போன் போட்டார்.
"ஏனுங்க, நம்ம பாலு"
எல்லைக் கோபுரம் மாறியது, சிக்னல் போனது.
போனைக் காதிலேயே வைத்தபடி
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு என்னைப் பார்த்து,
"இத எங்கீங்க கொட்டறது?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.
உட்காரவில்லை.
பின்னால் எட்டு எஞ்சின்கள்
ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.