பூஜ்யம்

கப் ஃபெரே முனையில், நீர் விளிம்பில்
முதல் ஆப்பு. அங்கிருந்து கணக்கு.
ஆண்டுக்கு நாலு மீட்டர் கரைகிறது,
முப்பது ஆண்டால் பெருக்கு,
ஒரு புயலுக்கென்று இருபது கூட்டு.
அந்தக் கோட்டுக்கு அப்பால் செங்கல் கூடாது.

முகத்துவாரத்துக்குச் சராசரி தெரியாது.
பன்னிரண்டு வருஷம் மணலைக் கொண்டுவந்து கொட்டும்;
ஒரே ஜனவரியில்
வட்டியோடு வாரிக்கொள்ளும்.

"கோடு எங்கே விழுது?"
சிப்பிக் கத்தியைத் துடைத்தபடி லார்டீக் அம்மையார்.
உங்கள் சமையலறையில் என்றேன்,
அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே.

"அப்போ அடுப்பு?"

கடல் பக்கம்.

மேசையை ஒரு சாண்
என் பக்கம் இழுத்துப் போட்டு
உட்காரச் சொன்னார். பூண்டு சூப்.
அது ஆறுவதற்குள் ஓதம் திரும்பியிருந்தது.

வெளியே
பூஜ்யம் என்று நான் எழுதிவைத்த ஆப்பைக்
காணோம்.