பதினெட்டு மில்லிமீட்டர்

முவான்சாவில் மழை விட்ட காலை.
இரவில் இருமுறை மின்சாரம் போயிருக்கிறது;
அடைகாப்புப் பெட்டியின் கதவை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கிறாள் கபூலா.
சூடு இருக்கிறது. போதும்.

முப்பத்தொன்றாம் எண் தட்டு.
நியாமிசி, வயது முப்பத்தெட்டு,
கிரும்பா சந்தையில் டகா மீன் விற்பவள்.
நீர்க்கடுப்பு. மூன்றாம் முறை.
படிவத்தில் இவ்வளவுதான் இடம்.
சந்தைக் கழிப்பறைக்கு இருநூறு ஷில்லிங் என்பதும்
கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும்
காலை ஐந்திலிருந்து மாலை நான்குவரை
அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பதும்
எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

தட்டைத் திறக்கிறாள்.
ஆறு வில்லைகள் வைத்திருந்தாள் நேற்று,
ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வெற்று வட்டம் விழ வேண்டும்.
அமாக்சிசிலின் வாசல்வரை புல்.
செஃப்ட்ரையாக்சோனுக்கும் அதே கதி.
சிப்ரோவின்மேல் ஏறி உட்காரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு எழுத்து.
இரண்டாயிரத்துக்கும் மேல் எழுத்துகள் ஓடும் ஒரு மரபணுவில்
எண்பத்து மூன்றாம் சொல்லில்
சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின்.
சாவி அதே சாவி;
பூட்டுக்குள் ஒரு பல் இடம் மாறிவிட்டது.
அவள் சுகுமா மொழியில் இதற்கு என்ன சொல்வார்களோ,
என் மொழியில்
முதல் எழுத்தை மாற்றினால்
மருந்து விருந்தாகிவிடும்.
இரண்டுக்கும் மூன்று நாள் என்று வேறு
சொல்லிவைத்திருக்கிறோம்.
நியாமிசி ஒன்றரை நாள் சாப்பிட்டாள்.
கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுத்தது அவ்வளவுதான்,
அதிலும் இரண்டு மகனின் இருமலுக்குப் போனது.

அதனால் அவள்மேல் குற்றம் என்று எழுதிவிடலாம்.
சுலபம்.
ஆனால் மற்றொன்று அவளிடம் பிறந்ததே இல்லை:
வளையமாகச் சுருண்ட சிறு டிஎன்ஏ,
கிருமி கிருமியிடம் கையை நீட்ட
நூலினும் மெல்லிய குழாய் வழியே
பிரதியாகி இடம் மாறுவது.
கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி ஒன்றுதான் என்று
பள்ளியில் மனப்பாடம் செய்தேன்.
இதுவும் குறைவதில்லை.
கோழிப்பண்ணையிலிருந்து வந்ததா,
பிரசவ வார்டின் குழாய்க்கைப்பிடியிலிருந்தா,
ஏரியில் கலக்கும் சாக்கடையிலிருந்தா,
யாருக்குத் தெரியும்.
படகில் ஏறிய நீரை இறைப்பவனைப்போல
உள்ளே வந்த மருந்தை அள்ளி அள்ளி வெளியே கொட்டும்
பம்பும் சில கிருமிகளுக்கு உண்டு;
இதற்கு உண்டா என்று பார்க்கும் கருவி
இந்த ஆய்வகத்தில் இல்லை.

கபூலா யாரிடமும் சொல்லாத ஒன்று:
போன வருடம் ஊழியர்களின் மலத்தைச் சோதித்தபோது
அவள் குடலிலும் அந்த வளையம் இருந்தது.
வலியில்லை, காய்ச்சலில்லை.
வாடகை தராமல்
இன்றும் அங்கேயே குடியிருக்கலாம்.
அன்றிலிருந்து
நோயாளிகளிடம் "ஏன் பாதியில் நிறுத்தினாய்" என்று
அவள் கேட்பதில்லை.

ஆறாவது வில்லை. நைட்ரோஃபுரான்டோயின்.
இரும்பு அளவுகோலை வைக்கிறாள்.
பதினெட்டு.
தட்டைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மறுபடி.
பதினெட்டு.
பதினேழு இருந்தால்தான் கணக்கு.
ஒரு மில்லிமீட்டர் மிச்சம்:
அதில் ஒரு டகா மீனின் தலைகூட நீட்டிப் படுக்க முடியாது.
சிவப்பு மையில் எழுதுகிறாள்,
ஐந்து நாள். முழுதாக.
அடிக்கோடு போடுகிறாள்,
தாள் கிழியும் அளவுக்கு.

படிவத்திலிருக்கும் எண்ணுக்கு அழைக்கிறாள்.
படகு எஞ்சின்களின் இரைச்சலுக்கு நடுவே
ஒரு சிறுவன் எடுக்கிறான்.
இருமுகிறான்.
அம்மா இல்லை என்கிறான்.
இருநூறு ஷில்லிங் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாளாம்,
காலையிலிருந்து இது நான்காவது முறையாம்.
நீங்கள் யார்,
மீன் எவ்வளவு வேண்டும்?