அபராதச் சீட்டு

வார்சாவில் இது மூன்றாவது வாரம்.
வீட்டுக்கார ஹலினாவுக்கு நான் நவோமி.
பல்கலைக்கழக அட்டையில் இடம் போதாமல்
'நோமின் எர்' என்று
பாதியில் நின்றுவிட்டேன்.

நேற்று டிராமில்
டிக்கெட் கையில்தான் இருந்தது.
அதை இயந்திரத்தில் குத்த வேண்டுமாம்.
பரிசோதகர் இரங்கவில்லை.
பாஸ்போர்ட்டை மூக்கருகே பிடித்து
ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார்,
நடுவில் அந்தச் சின்னக் கோடு
எங்கே வரும் என்றும்.
வளைவில் வண்டி குலுங்கியபோது
பேனாவைத் தூக்கிக் காத்திருந்து
மறுபடி எழுதினார்:
நோமின்-எர்தெனெ.

உலான்பாத்தரில்
அம்மா கோபத்தில் கூப்பிடும் அதே நீளம்.

இருநூறு ஸ்வோட்டி. பத்து நாள் சாப்பாடு.
கட்டிவிட்டேன்.

சீட்டு இப்போது
ஃபிரிட்ஜ் கதவில்.
ஹலினா கண்ணாடி மாட்டிக்கொண்டு
வாய்விட்டுப் படிக்கிறாள்.
'தெனெ'யில் கொஞ்சம் குலுங்குகிறாள்.

காத்திருக்கிறேன்.