தரிப்பிடம்

வாடகைக் கரவன் பத்தொன்பது அடி நீளம்.
ஒழுங்கையின் அகலத்தை யதுகுலன்
செருப்பை வைத்து வைத்து அளந்து பார்த்தான்.
திரும்பாது. பின்னுக்கு எடுத்துத்தான் வெளியேற வேணும்.

கரண்ட் பில்லின் முதுகில் திட்டம்:
திங்கள் நீர்கொழும்பு, செவ்வாய் பெந்தோட்டை.
எங்கே போனாலும் இரவுக்குக் கொழும்பு,
மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி நித்திரை.
"பொலிஸ் விடுமா?" என்றேன்.
"கடலுக்கு ஆர் காவல்?" என்றான்.
மிச்சப் பதிலை
தெகிவளைப் பக்கம் போன ரயில் கொண்டுபோனது.

தண்ணீர் எங்கே நிரப்புவது,
கழிவு எங்கே ஊற்றுவது,
இரண்டுக்கும் எதிரே ஒரு பெரிய கேள்விக்குறி.
சின்னவள் அதற்குக் காது வரைந்து
பூனையாக்கிவிட்டாள்.

ஒத்திகைக்கென்று ஒரு சனியிரவு
வண்டியை வீட்டின் கீழேயே விட்டுப் படுத்தோம்.
உப்புக்காற்றில் திரைச்சீலை முகத்தில் உரசியது.
அண்ணாந்தால் நாலாம் மாடி:
அணைக்க மறந்த எங்கள் குசினி வெளிச்சம்,
கொடியில் என் மஞ்சள் சட்டை.
ஆரோ நல்லாய் வாழும் வீடு போல இருந்தது.

"அங்கே ஒருநாள் போவம்" என்றாள் சின்னவள்,
பாதி நித்திரையில்.

பில்லைத் தேடியெடுத்து அதையும் எழுதினேன்,
புதன்கிழமைக்கு.