ஸ்டோர் கணக்கு

முதலில் போனது செம்பு ஒயர், மூன்று சுருள்.
பிறகு குழாய்த் தலைகள் பதினாறு.
பிறகு, சிரிக்காதீர்கள்,
ஒரு கழிவறைக் கோப்பை.
அதை எந்த மோட்டார் சைக்கிளில்
எப்படி உட்கார வைத்துக் கொண்டுபோனான் என்று
இரண்டு நாள் யோசித்தேன்.

பகாவ் போகிற சாலையோரம்
செம்பனையை வெட்டித் தள்ளிய நிலத்தில்
அறுபத்திரண்டு வீடுகள் எழும்புகின்றன.
நான் ஸ்டோர் கிராணி.
சாவிக்கொத்து என் இடுப்பில்,
பழி என் தலையில்.

தவுக்கே போ கியாட் தகரவேலி போட்டார்.
தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
விளக்குப் போட்டார்.
ஒயர் இருக்கும் இடம் நன்றாகத் தெரிந்தது அவர்களுக்கு.
கேமரா மாட்டினார்.
கேமராவின் கடைசிப் படத்தில்
கேமராவை நோக்கி நீளும் ஒரு கை.
கையுறை எங்களுடையது.
என் பதிவேட்டில் அதற்கு எண் உண்டு.

நாய் வந்தது. கிச்சாப் என்று பெயர்.
ஜாகா தில் பகதூரின் நாற்காலிக்கடியில்
விடியும்வரை தூங்கியது.
அவன் தூங்கவில்லை, பாவம்.
பன்னிரண்டு மணி நேரம்
ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நிலத்துக்கோ நான்கு பக்கம்.

ஒரு திங்கள்கிழமை
பூச்சு காயாத பதினொரு சுவர்களில்
ஆணியால் கீறியிருந்தது ஒரே சொல்:
பொய்.
நல்ல கையெழுத்து.
ஈரச் சிமெண்டில், இருட்டில்,
ய்க்குப் புள்ளி வைக்க மறக்காத கை.
தவுக்கே கேட்டார், என்ன எழுதியிருக்கு?
கெட்ட வார்த்தை என்றேன்.

பதினொரு வருடம்.
அடுத்த தீபாவளிக்கு வீடு, அடுத்த தீபாவளிக்கு வீடு என்று
லயத்தில் ஒழுகும் கூரைக்கடியில்
அவர்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கும் பதினொன்றுதான்.

பூச்சுக்காரனை நிறுத்தி வைத்தேன்.
தவுக்கேயிடம் மூன்று நாள் மன்றாடி
ஞாயிற்றுக்கிழமை குலுக்கல் போட்டோம்,
மைலோ டின்னுக்குள் சீட்டுப் போட்டு.
எண் எடுத்தவர்கள்
கதவுச் சட்டத்தில் சாக்கட்டியால்
தாங்களே பெயர் எழுதினார்கள்.
செவத்தியான் அளவு நாடாவோடு வந்தார்,
ஐஸ்பெட்டி நுழையுமா பார்க்க.
தெய்வநாயகி ஒன்றும் பேசவில்லை.
ஜன்னல் இல்லாத ஜன்னலில்
கை ஊன்றி நின்றாள்.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடாமல் வந்தார்கள்,
சாயங்காலங்களில், வாளியோடு.
தன் சுவருக்குத் தானே தண்ணீர் ஊற்ற.
மழை பெயரை அழித்தால்
மறுபடி எழுதினார்கள்.
பழைய இரும்பு லோரி ஒருநாள் மெதுவாகத் திரும்பியது.
ஏழெட்டுப் பேர் சும்மா எழுந்து நின்றார்கள்.
லோரி நேராகப் போய்விட்டது.

திருட்டு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
மாதிரி வீட்டில் மட்டும்
குழாய்கள் இன்னும் காணாமல் போகின்றன.
சோபா உண்டு, பிளாஸ்டிக் ரோஜா உண்டு,
சட்டத்தில் யார் பெயரும் கிடையாது.
என் பெயரும் எந்தச் சட்டத்திலும் இல்லை.
நான் தோட்டத்துப் பிள்ளை அல்ல,
டவுனில் வாடகைக்கு இருப்பவள்.

இன்று காலை
முப்பத்தொன்றாம் வீட்டு வாசலில்
ஒரு கழிவறைக் கோப்பை.
கழுவித் துடைத்து,
மேலே செய்தித்தாள் மூடி.
கிச்சாப் மோந்து பார்த்து
வாலை ஆட்டியது, தெரிந்தவர் வாசனைக்கு ஆட்டுவதுபோல.

முப்பத்தொன்று யாருடையது என்று
பார்க்காமலே தெரியும் எனக்கு.
அந்தப் பெயரிலும்
புள்ளிகள் எல்லாம் சரியாக இருக்கும.

பதிவேட்டைத் திறந்தேன்.
வரவு: கோப்பை, ஒன்று.
கொடுத்தவர்:

வாசலில் ஹாரன்.
கம்பி வந்துவிட்டது.
எண்ணப் போனேன்.